இரண்டு தடவை செத்துப் பிழைக்கும் சர்வர்

பாண்டிமீனாவுக்கு அச்சகத்தில் என்ன வேலை என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். முதலாளி நல்லசிவம், "கம்ப்யூட்டர் பாக்கிற பொண்ணு" என்பார். பிளேட் அறையில் இருப்பவர்களுக்கு அவள் "சர்வர் அக்கா". ஆனைக்குட்டத்தில் மக்காச்சோளம் போடும் அவள் கணவர் செல்வக்குமாரைக் கேட்டால், "டென்மார்க்குக்குக் கடுதாசி போடுற உத்தியோகம்" என்று சிரிப்பார். மூன்றுமே உண்மை. மூன்றாவது எப்படி வந்தது என்பதுதான் கதை.

முப்பத்தேழு வயது. விருதுநகரில் பாலிடெக்னிக் முடித்து, இருபத்தோராம் வயதில் சிவகாசியில் இந்தக் காலண்டர் அச்சகத்தில் அச்சுத் தகடான பிளேட்டைக் கழுவும் வேலைக்குச் சேர்ந்தவள். கம்ப்யூட்டரில் இருந்து நேரே பிளேட் எடுக்கும் மெஷின் வந்தபோது, கழுவுகிற வேலை போனது. வேலை போன மற்ற நான்கு பேரும் வேறு பிரஸ்ஸுக்குப் போனார்கள். மீனா போகவில்லை. புது மெஷினுக்கு வந்த கையேட்டை வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒன்றரை மாதத்தில் முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு முதலாளி முன்னால் போய் நின்றாள். அவர் அன்றைக்கு ஆளை விட்டால் போதும் என்று ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். அன்றில் இருந்து அந்த நாற்காலியை அவள் விடவில்லை.

இவ்வளவு நல்ல பெண்ணுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. மனிதர் சொன்னால் இரண்டு தடவை கேட்பாள், மெஷின் சொன்னால் ஒரே தடவையில் நம்பிவிடுவாள். அந்தக் குணத்தால் ஒருத்தியின் வேலை போனது.

போன மார்கழியில் நடந்தது அது. விருதுநகரில் ஒரு வத்தல் மொத்தக் கடைக்கு எட்டாயிரம் காலண்டர் லோடு போயிருந்தது. கடைக் கணக்கப்பிள்ளை ஒன்றைப் பிரித்துப் பார்த்து, தை அமாவாசை ஒரு நாள் முன்னதாகப் போட்டிருக்கிறது என்று போன் பண்ணினார். முதலாளி பதறிப்போனார். காலண்டரில் படம் கொஞ்சம் மங்கினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அமாவாசை தப்பினால்? அதைப் பார்த்து அப்பனுக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போகிறவன் சும்மா விடுவானா?

அந்தப் பக்கத்தில் தேதி தப்பாக இருப்பது அச்சுக்கு முன்பே தெரியும். பஞ்சாங்கம் ஒப்பிடுகிறவர் சிவப்பு மையில் வட்டம் போட்டு அனுப்பியிருந்தார். அதைத் திருத்தும் வேலை எழிலுக்கு. இருபத்துநான்கு வயது, திருத்தங்கல்காரி, பிளேட் அறைக்குப் பக்கத்தில் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து வடிவமைக்கிறவள். திருத்திவிட்டேன் என்று அவள் சொன்னாள். பிளேட் எடுத்த கோப்பில் திருத்தம் இல்லை.

"மீனா, நீ பாத்துச் சொல்லு" என்றார் முதலாளி.

மீனா, எல்லாருடைய கோப்புகளும் இருக்கும் சர்வர் பெட்டியின் பதிவைப் பார்த்தாள். எந்தக் கணினியில் இருந்து எத்தனை மணிக்கு எந்தக் கோப்பில் எழுதினார்கள் என்று அதில் வரிவரியாக இருக்கும். அந்தக் கோப்பில் கடைசியாக எழுதியது மேல்மாடியில் இருக்கும் விக்னேஷ்குமார். முருகன் படத்துக்குப் பின்னால் வானத்தின் நிறத்தை மாற்றியிருந்தான். எழிலின் கணினியில் இருந்து ஒரு வரி கூட இல்லை.

"எழில் சேவ் பண்ணலை மொதலாளி" என்றாள் மீனா. எழில் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

அவ்வளவுதான். அன்று மத்தியானமே எழில் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வேறு பிரஸ்ஸில் வேலை கேட்டுப் போனால், "அமாவாசையை மாத்துன பொண்ணா?" என்று கேட்டார்கள். காலண்டர் ஏஜெண்டுகள் ஊர் ஊராகப் போகிறவர்கள், இதைவிட ருசியான சங்கதி அவர்களுக்குக் கிடைக்குமா? தை பிறப்பதற்குள் சாத்தூர் வரைக்கும் போய்விட்டது. எழில் கடைசியில் வீட்டில் உட்கார்ந்து பட்டாசு கிப்ட் பாக்ஸுக்கு அட்டை ஒட்ட ஆரம்பித்தாள்.

மீனா இதையெல்லாம் கேள்விப்பட்டாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் தான் சொன்னது பொய்யில்லையே என்று வேலையைப் பார்த்தாள்.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்கே அது நடந்தது. கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்த நேரம், பிளேட் நம்பர் பட்டியல் ஒன்றைத் திருத்தி, சேமித்து, மூடி, மறுபடி திறந்து ஒரு தாளில் அச்செடுத்து பிளேட் அறைச் சுவரில் ஒட்டினாள். சாயங்காலம் அதே பட்டியலைத் திறந்தால் திருத்தம் ஒன்றும் இல்லை. பழைய பட்டியல் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சர்வர் பதிவில் அவள் எழுதியதாக ஒரு வரியும் இல்லை. கடைசியாக எழுதியது மேல்மாடி.

"கை தவறியிருக்கும்" என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். பிறகு சுவரில் ஒட்டிய தாள் கண்ணில் பட்டது. சேமிக்காமல் மூடியிருந்தால், மறுபடி திறந்து எடுத்த அந்தத் தாளில் திருத்தம் எப்படி வந்தது? மார்கழியில் எழிலின் கையில் இப்படி ஒரு தாள் இல்லை. வித்தியாசம் அது மட்டும்தான்.

அன்று சாப்பாட்டைத் தொடவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து, சர்வர் இருக்கும் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, நடந்ததை முதலில் இருந்து யோசித்தாள்.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அச்சகத்தின் கோப்புகள் எல்லாம் கீழே அந்த ஒரு சர்வரில் இருக்கின்றன. பன்னிரண்டு கணினிகள் அங்கே போய் எடுக்கின்றன, எழுதுகின்றன. ஒருவர் ஒரு கோப்பில் வேலை செய்யும்போது சர்வர் அவருக்கு ஒரு பூட்டு கொடுக்கும். அது அவரிடம் இருக்கிற வரை வேறு யாரும் அதில் எழுத முடியாது. கரண்ட் போய் சர்வர் நின்று, மறுபடி எழுந்தால், பூட்டு யாரிடம் இருந்தது என்பது அதற்கு மறந்துபோகும். அதனால் எழுந்தவுடன் ஒன்றரை நிமிஷம் புதிதாக யாருக்கும் பூட்டு கொடுக்காமல், முன்பு வைத்திருந்தவர்கள் வந்து சொல்லட்டும் என்று காத்திருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பூட்டித் திறந்த ரேஷன் கடையில், காலையில் டோக்கன் வாங்கியவர்களை முதலில் கூப்பிடுவார்கள் இல்லையா, அதுபோல. டோக்கனைக் கையில் வாங்கிப் பார்க்க மாட்டார்கள், "எனக்கு இருந்துச்சு" என்றால் போதும்.

ஒரு தடவை நின்று எழுந்தால் இதில் கோளாறு இல்லை. ஆனால் இந்த அச்சகத்தில் சர்வர் ஒரு தடவை நிற்பதில்லை. கரண்ட் போனால் ஜெனரேட்டர் பார்க்கும் சோணைமுத்து வந்து கைப்பிடியை இறக்கி, மெஷின் ஹாலுக்கும் கீழ்த்தளத்துக்கும் மட்டும் கரண்ட் கொடுப்பார். டீசல் மிச்சமாக வேண்டும் என்று மேல்மாடிக்குக் கொடுப்பதில்லை. மேல்மாடிக் கணினிகள் ஆளுக்கொரு சின்ன பேட்டரியில் உயிரோடு இருக்கும், ஆனால் அவற்றைக் கீழே சர்வரோடு இணைக்கும் பெட்டி செத்துக் கிடக்கும். மெயின் கரண்ட் திரும்பி வந்ததும் கைப்பிடியை மறுபடி மாற்றுவார். அந்த இடைவெளியில் சர்வர் இன்னொரு தடவை நின்று எழும். அதன் யூபிஎஸ் பேட்டரி இரண்டு வருஷத்துக்கு முன்பே போய்விட்டது. சீசன் முடியட்டும், பார்ப்போம் என்று முதலாளி சொல்லி இரண்டு சீசன் முடிந்துவிட்டது.

மார்கழியில் நடந்ததை மீனா இப்போது படம் மாதிரி பார்த்தாள். விக்னேஷ்குமார் மேல்மாடியில் கோப்பைத் திறந்து வானத்தை மாற்றிச் சேமிக்கப் போகும்போது கரண்ட் போகிறது. சேமிப்பு முடியாமல் திரையில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அவன் டீக்குப் போகிறான். சர்வர் ஜெனரேட்டரில் எழுந்து ஒன்றரை நிமிஷம் காத்திருக்கிறது. விக்னேஷின் கணினியால் வர முடியவில்லை. நேரம் முடிந்துவிட்டது, பூட்டு காலி. கீழே எழில் அந்தக் கோப்பைத் திறக்கிறாள், அமாவாசையைத் திருத்துகிறாள், சேமிக்கிறாள், மூடுகிறாள். மெயின் கரண்ட் வருகிறது, சர்வர் இரண்டாம் தடவை நிற்கிறது. எழில் எழுதியதைச் சொல்லும் பதிவு வரிகள், கரண்ட் போனாலும் அழியாத வட்டில் ஏறுவதற்கு முன்பே அழிந்துபோகின்றன. சர்வர் எழுந்து மறுபடி கூப்பிடுகிறது, இது இரண்டாவது சுற்று. இப்போது மேல்மாடிக்கும் கரண்ட் உண்டு. விக்னேஷின் கணினி, "எனக்குப் பூட்டு இருந்தது" என்கிறது. இருந்தது உண்மைதான், ஆனால் முதல் சுற்றுக்கும் முன்னால். சர்வர் நம்பிக் கொடுக்கிறது. சுற்றிக்கொண்டிருந்த பழைய சேமிப்பு, எழிலின் அமாவாசை மேல் வந்து விழுகிறது.

யாரும் தப்புச் செய்யவில்லை. விக்னேஷ் தப்புச் செய்யவில்லை, எழிலும் செய்யவில்லை. தப்புச் செய்தது ஒருத்திதான், அவள் கண்ணாடி அறையில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நேரே முதலாளியிடம் போனாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ சொல்றது கதையாட்டம் இருக்கு. பொட்டி வித்த கம்பெனிக்காரன் ஒத்துக்கிடுவானா?" என்றார்.

நியாயமான கேள்விதான். சர்வரை விற்ற சென்னைக் கம்பெனிக்கு எழுதினாள். இரண்டு வாரம் கழித்து மூன்று வரியில் பதில் வந்தது. எங்கள் பெட்டி நெறிமுறை விதிநூலின்படி நடக்கிறது, பூட்டு திருப்பிக் கேட்பதைப் பற்றி ஏழாம் பிரிவில் உள்ளதை மீறவில்லை, ஆகவே கோளாறு இல்லை. கையைக் கழுவிவிட்டார்கள்.

விதிநூலா? அப்படி ஒன்று இருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும். தேடி எடுத்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். உலகத்தில் எந்தக் கம்பெனி சர்வர் செய்தாலும், எந்தக் கம்பெனி கணினி செய்தாலும், கோப்பை இப்படித்தான் கேட்க வேண்டும், இப்படித்தான் கொடுக்க வேண்டும் என்று பல நாட்டுக்காரர்கள் கூடி எழுதி வைத்த புத்தகம். மீனாவுக்குக் கையேடு புதிதில்லை. காலை ஐந்தரைக்கு எழுந்து, பஸ் வருகிற வரை நான்கு நான்கு பக்கமாகப் படித்தாள். ஏழாம் பிரிவைப் பத்துத் தடவை படித்தாள். முன்பு பூட்டு வைத்திருந்த கணினி வந்து கேட்டால் சர்வர் கொடுக்கலாம் என்று இருந்தது. ஒரு சுற்றைத் தவறவிட்ட கணினி அடுத்த சுற்றில் வந்து கேட்டால் என்ன செய்வது என்று ஒரு எழுத்தும் இல்லை.

கம்பெனிக்காரன் சொன்னது உண்மை. விதியை அவன் மீறவில்லை. விதியில்தான் ஓட்டை.

வேறு ஒருத்தியாக இருந்தால் இங்கே பெருமூச்சு விட்டு நிறுத்தியிருப்பாள். மீனா, விதிநூலின் கடைசிப் பக்கத்தில் இருந்த முகவரிக்கு எழுதினாள். அவள் ஆங்கிலம் சின்னச் சின்ன வாக்கியம், ஒவ்வொன்றும் ஒரு ஆணி. எங்கள் அச்சகத்தில் இது நடந்தது. இந்த வரிசையில் நடந்தது. உங்கள் ஏழாம் பிரிவு இதற்கு என்ன சொல்கிறது?

பதில் எழுதியவர் ஹென்ரிக். டென்மார்க்கில் இருந்துகொண்டு அந்த விதிநூலைப் பதிப்பிக்கிறவர். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். நீங்கள் சொல்வது கவனிக்கத்தக்கது, ஆனால் மிகவும் அபூர்வம். சர்வர் அடுத்தடுத்து இரண்டு முறை நிற்க வேண்டும், நடுவில் ஒரு கணினி மட்டும் தொடர்பில்லாமல் இருக்க வேண்டும், அதே நேரத்தில் இன்னொருவர் அதே கோப்பைத் திருத்த வேண்டும். எப்போதோ ஒரு முறை நேரும் இத்தகைய விளிம்பு நிலைகளை, சர்வர் செய்கிற கம்பெனிகளின் விருப்பத்துக்கு விடுவதே வழக்கம்.

இதை அவள் சோணைமுத்துவிடம் தமிழில் சொன்னபோது, அவர் பீடியை அணைத்துவிட்டுச் சிரித்தார்.

"அபூர்வமா? ஏத்தா, நேத்து மட்டும் மூணு வாட்டில்ல இறக்கி ஏத்துனேன்."

"அதை எங்கயாச்சும் எளுதி வச்சிருக்கீகளாண்ணே?"

"எளுதாம? டீசலுக்கு மொதலாளி கேப்பாருல்ல."

ஜெனரேட்டர் கொட்டகையில் ஆணியில் தொங்கிய அழுக்கு நோட்டை எடுத்துக் கொடுத்தார். கரண்ட் போன நேரம், ஜெனரேட்டர் பிடித்த நேரம், மெயின் வந்த நேரம். மூன்று வருஷத்துக்கு ஒரு நாள் விடாமல். மீனா அதை மடியில் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். இந்த நோட்டை டென்மார்க்கில் யாரால் தர முடியும்?

நாற்பது நாள் கணக்கை எடுத்து அட்டவணை போட்டாள். நாற்பது நாளில் ஐம்பத்தெட்டு முறை சர்வர் இரண்டு தடவை நின்றிருக்கிறது. ஐம்பத்தெட்டிலும் நடுவில் மேல்மாடி தொடர்பில்லாமல் இருந்திருக்கிறது. அதை அனுப்பி, கீழே ஒரே வாக்கியம் எழுதினாள்: உங்களுக்கு இது விளிம்பு, எங்களுக்கு இது ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை.

அதற்குப் பிறகு ஹென்ரிக் அபூர்வம் என்ற சொல்லை எடுக்கவே இல்லை. கேள்விகள் வர ஆரம்பித்தன. அவர் மட்டுமல்ல, எங்கெங்கோ இருந்து ஏழெட்டுப் பேர். நீங்கள் முதலில் என்ன பார்த்தீர்கள்? அடுத்து என்ன செய்தீர்கள்? திரையில் என்ன வந்தது? எத்தனை விநாடி? மறுபடி செய்து காட்ட முடியுமா?

செய்து காட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தாள். மெஷின் ஓடாத நாள். சோணைமுத்து முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

"சும்மா சும்மா இறக்கி ஏத்துனா மொதலாளி என்னையத் தொலைச்சிருவாரு."

"நான் சொல்லிக்கிடுதேன். நீங்க நான் கை காட்டுறப்ப மட்டும் இறக்குங்க."

மேல்மாடி ஜன்னலில் இருந்து கையைக் காட்டுவாள், ஓடிவந்து கீழே எழுதுவாள், மறுபடி மேலே ஓடுவாள். ஒன்பது முறை செய்தார்கள். ஒன்பது முறையும் பழையது வந்து புதியதை அழித்தது. பத்தாவது முறை, கிழட்டு ஜெனரேட்டர் பிடித்து, ஒரு நிமிஷம் ஓடி, இருமி நின்றுவிட்டது. சோணைமுத்து அதை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டி, மறுபடி சுற்றிப் பிடிக்க வைத்தார்.

"இதை விட்டுரு தாயி, இது கணக்குல வராது" என்றார்.

"ஏன்ணே வராது? இப்படி அடிக்கடி ஆகுமா?"

"மளை காலத்துல எப்பவும் இப்படித்தான்."

"அப்ப இதுவும் வரும்" என்று எழுதிக்கொண்டாள். சர்வர் எழுந்து, ஒன்றரை நிமிஷம் முடிவதற்குள்ளேயே மறுபடி நின்றுவிட்டால்? அப்போது வந்து சொன்னவர்கள் பாதிப் பேர், சொல்லாதவர்கள் பாதிப் பேர். யாரை நம்புவது? ஹென்ரிக்கின் கூட்டத்தில் ஒருவரும் யோசிக்காத கேள்வி அது.

விதியை எப்படி எழுதுவது என்பதில் வைகாசி முழுக்கச் சண்டை. பெரிய கம்பெனிக்காரர் ஒருவர், இரண்டாம் முறை எழுந்தால் யாருக்கும் பூட்டைத் திருப்பிக் கொடுக்காமல் இருந்துவிடலாம் என்றார். அப்படிச் செய்தால் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த பதினோரு பேர் செய்த வேலையும் அழியுமே என்று மீனா எழுதினாள். வந்து சொன்ன கணினிகளின் பெயர்களை வட்டில் எழுதி வைக்கலாம் என்று இவள் சொன்னதற்கு, அது சர்வரின் வேகத்தைக் குறைக்கும் என்றார் அவர். பன்னிரண்டு கணினிக்குப் பன்னிரண்டு வரி, அதை எழுத எவ்வளவு நேரம் ஆகும் என்று அளந்து அனுப்பினாள். அவர் வேறு எதையோ சொன்னார். இவள் சொன்னதையே சொன்னாள். மெல்லிய ஆள்தான், ஆனால் பிடித்த பிடியில் இருந்து அவளை நகர்த்த ஆனைக்குட்டத்தில் ஒருவராலும் முடிந்ததில்லை. அவள் கணவரைக் கேட்டால் சொல்வார்.

"இம்புட்டு மல்லுக்கட்டி என்ன கெடைக்கப் போவுது ஒனக்கு?" என்று அவரே ஒரு நாள் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்லை. எழில் மேல நான் ஒரு சொல்லு சொல்லிட்டேன். அதைத் திரும்ப எடுக்கணும். சும்மா வாயால எடுத்தா முதலாளி நம்ப மாட்டாரு, ஊரும் நம்பாது."

ஆனி கடைசியில் ஏழாம் பிரிவில் நான்கு வாக்கியங்கள் சேர்ந்தன. புதிய பூட்டு எதையும் கொடுப்பதற்கு முன், இந்தச் சுற்றில் வந்து சொன்ன கணினிகள் எவை என்பதை சர்வர் அழியாத இடத்தில் எழுதி வைக்க வேண்டும். புதிதாகப் பூட்டு வாங்கும் கணினிகளையும் அதில் சேர்க்க வேண்டும். அடுத்த முறை எழும்போது அந்தப் பட்டியலில் இல்லாத கணினி கேட்டால் மறுத்து, மறுத்ததை அந்தக் கணினிக்குச் சொல்ல வேண்டும். சுற்று முடிவதற்குள் சர்வர் மறுபடி நின்றால், அதற்கு முந்தைய பட்டியலே செல்லும். நான்காவது வாக்கியம் சோணைமுத்துவின் ஜெனரேட்டர் இருமியதில் பிறந்தது. அவரிடம் சொன்னபோது, "நம்ம வண்டி பேரைப் போட்டிருக்காகளா?" என்று கேட்டார்.

இனிச் சென்னைக் கம்பெனிக்கு ஒளிய இடமில்லை. திருத்தம் அனுப்பினார்கள். கூடவே, போன மார்கழியில் நடந்ததாக நீங்கள் விவரித்த இழப்பு இந்தக் குறையால் நேர்ந்திருக்கக் கூடியதே என்று கையெழுத்துப் போட்டு ஒரு கடிதமும். அந்தக் கடிதத்துக்காக மீனா பதினோரு தடவை போன் பண்ணினாள்.

முதலாளி கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"சரி, பேட்டரியும் மாத்திருவோம். முடிஞ்சது."

"முடியலை மொதலாளி. எழிலைக் கூப்பிடணும்."

"கூப்பிடு, யாரு வேணாங்கா? திங்கக்கெளமை வந்து உக்காரச் சொல்லு."

"அப்படி இல்லை. ஆடிப் பதினெட்டு அன்னைக்கு, ஆல்பம் பூசையில, எல்லாரும் இருக்கையில சொல்லணும்."

நல்லசிவம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். ஆடிப் பதினெட்டு, அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளை சாமி முன்னால் வைத்து, ஆல்பமாக வெளியிடுகிற நாள். சிவகாசிப் பிரஸ்ஸுக்கெல்லாம் வருஷப் பிறப்பு அன்றுதான். நாலு மாவட்டத்து ஏஜெண்டுகளும் வந்து நிற்பார்கள்.

"ஏஜெண்டுக நிக்கையிலா? நம்ம பிரஸ்ஸு மெஷின்ல கோளாறுன்னு நாமளே சொல்லிக்கிடவா?"

"அவுகதான் ஊர் ஊராக் கொண்டுபோனாக. அவுகளே திருப்பிக் கொண்டுபோகட்டும்."

"மாட்டேன்னா?"

"நான் சொல்லிட்டுப் போயிருவேன். பாஸ்வேர்டு அம்புட்டையும் எளுதிக் குடுத்துட்டுத்தான் போவேன், பயப்படாதீக."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். பதினாறு வருஷத்தில் அவள் வாயில் இருந்து இப்படி ஒரு பேச்சு வந்ததில்லை. "நீயே சொல்லு. எனக்கு அதெல்லாம் சொல்லத் தெரியாது" என்றார்.

ஆடிப் பதினெட்டு. சூடம் காட்டி, ஆல்பத்துக்குச் சந்தனம் வைத்து, ஏஜெண்டுகள் கேசரியைக் கையில் வாங்கிய நேரத்தில் மீனா எழுந்து நின்றாள். விதிநூல், சுற்று, பூட்டு ஒன்றையும் அவள் சொல்லவில்லை.

"போன வருசம் தை அமாவாசை தேதியைத் திருத்தலைன்னு எழிலை அனுப்புனோம். எழில் திருத்தியிருந்தா. கரண்ட் போயி வந்ததுல மெஷின் அதை அளிச்சிருச்சு. சரியாப் பாக்காம, அவ பண்ணலைன்னு சொன்னது நான். தப்பு என் மேல. இதை நீங்க போற ஊர்ல எல்லாம் சொல்லுங்க."

சாத்தூர் ஏஜெண்டு கேசரியைக் கீழே வைத்துவிட்டு, "சொல்லிருவோம்" என்றார். விக்னேஷ்குமார் தலையைக் குனிந்துகொண்டான், அவன் மேல் ஒரு குற்றமும் இல்லாமலேயே.

அன்று சாயங்காலமே மீனா திருத்தங்கலுக்குப் போனாள். எழில் வீட்டு முன்னறையில் ஆளுயரத்துக்கு அட்டைப் பெட்டிகள். பசை வாளிக்குப் பக்கத்தில் எழில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மீனாவைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, "வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

மீனா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு தடவை நின்ற சர்வர், மேல்மாடியில் சுற்றிக்கொண்டிருந்த சேமிப்பு, டென்மார்க், நோட்டு, பூஜையில் பேசியது. கம்பெனிக் கடிதத்தை நீட்டினாள். எழில் பசைக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கினாள், ஆனால் படிக்கவில்லை. திட்டுவாள் என்று மீனா எதிர்பார்த்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தாள்.

எழில் மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப நான் சேவ் பண்ணிருந்தேனாக்கா?"

மீனாவுக்கு முதலில் விளங்கவில்லை.

"அன்னைக்கு நீங்க சொன்னதும், நான்தான் மறந்துட்டேன் போலன்னு நெனச்சேன். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு. எட்டு மாசமா யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன், சேவ் குடுத்த மாதிரியும் இருக்கு, குடுக்காத மாதிரியும் இருக்கு. எனக்கே என்னைய நம்ப முடியலைக்கா."

ஊரும் பிரஸ்ஸும் சந்தேகப்பட்டதை மட்டும்தான் மீனா இதுவரை நினைத்திருந்தாள். இவளே இவளைச் சந்தேகப்பட்டுக்கொண்டு எட்டு மாதம் இந்தப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பாள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. எழிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். கண் நிறைந்துவிட்டது, துடைக்கவில்லை.

"பண்ணிருந்த. நீ சரியாப் பண்ணிருந்த, எழில்."

எழில் உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

"எங்கம்மா உள்ளதான் இருக்கு" என்றாள். "சத்தமாச் சொல்லுங்கக்கா."

மீனா, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக மறுபடி சொன்னாள்.